பரீட்சகரின் கண்களைக் கட்டும் ஜெபம்



நம்முடைய சாட்சி வேளைகளில் அடிக்கடி ஒலிக்கிற ஒரு வகைச் சாட்சியைக் குறித்து இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. கனடாவுக்குப் புதிதாக வந்த சகோதரன் ஒருவர் எழுந்து நிற்பார். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான வீதிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே சித்தியடைந்ததாக அறிவிப்பார். அதுவரை நல்லது, நாமும் அவரோடு சேர்ந்து மகிழலாம். அடுத்து வருகிற வார்த்தைதான் முள்ளாய்த் தைக்கிறது. "ஓர் இடத்தில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க மறந்துபோனேன், ஆனாலும் கர்த்தர் பரீட்சகருடைய கண்களைக் கட்டிவிட்டார்." உடனே சபை முழுவதும் அல்லேலூயா என்று ஆர்ப்பரிக்கிறது. ஒரு சபையில் மாத்திரமல்ல, நான் ஊழியத்துக்காகப் போன பல சபைகளிலும் இதையே வெவ்வேறு வாயால் கேட்டிருக்கிறேன்.

இதைச் சற்று நிறுத்தி ஆராய்ந்து பாருங்கள். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது எதற்காக? கண்ணாடிகளில் தெரியாத மறைவிடத்தில் ஒரு மிதிவண்டிக்காரர் இருக்கக்கூடும் என்பதற்காக. வீதியோரத்தில் ஒரு பிள்ளை ஓடிவரக்கூடும் என்பதற்காக. அந்தப் பார்வையை நாம் பழகியிருக்கிறோமா என்று கவனிப்பதற்கென்றே பரீட்சகர் நமக்கு அருகில் அமர்த்தப்பட்டிருக்கிறார். அப்படியிருக்க, தேவன் அவருடைய கண்களைக் கட்டினார் என்று சொல்லும்போது, அந்த மிதிவண்டிக்காரருக்கு எதிராகத் தேவன் நம்மோடு கூட்டுச் சேர்ந்தார் என்றல்லவா சாட்சி சொல்லுகிறோம்? எலிசா ஜெபித்தபோது சீரிய சேனையின் கண்கள் மயங்கவில்லையா என்று வேதம் அறிந்த ஒருவர் கேட்கலாம். மயங்கின. ஆனால் அதே எலிசா அவர்களுடைய கண்கள் திறக்கப்படும்படியும் ஜெபித்து, விருந்தும் வைத்து அனுப்பினார் என்பதை முழுவதும் வாசிக்க வேண்டும். பிறகு, நம் பரீட்சகர் சீரியனுமல்ல.

சாரதி அனுமதிப்பத்திரம் தேவன் நமக்குத் தனிப்பட்ட முறையில் தருகிற பரிசுப்பொருள் என்ற எண்ணத்தையே இங்கே எதிர்க்கிறேன். அது முன்பின் தெரியாத அயலானுக்கு நாம் கொடுக்கிற வாக்கு. ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடையுள்ள இரும்பை அவன் பிள்ளை நடக்கும் தெருவிலே செலுத்துவதற்கு, அவன் சார்பில் அரசு நம்மிடம் வாங்கிக்கொள்கிற உறுதிமொழி அது. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இரண்டு சிறிய கட்டளைகள் உண்டு. புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். அது இல்லாததால் எவனாவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் வரும் என்கிறது உபாகமம். முட்டுகிற மாடு என்று முன்னமே எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காதவன், அது ஒருவரைக் கொன்றால் அந்தக் கொலைக்குத் தானே பொறுப்பாளி என்கிறது யாத்திராகமம். இந்த இரண்டையும் பலிகளோடும் பண்டிகைகளோடும் ஒரே பிரமாணத்தில் வைத்திருக்கிறார் தேவன். நாமோ கார் ஓட்டுவதை உலகக் காரியம் என்று பிரித்து, வாகனத் தரிப்பிடத்திலேயே விட்டுவிட்டு ஆலயத்துக்குள் வருகிறோம். யெகூ இரதம் ஓட்டுகிற விதத்தைக் கண்டே காவற்காரன் தூரத்திலிருந்து அவனை அடையாளம் சொன்னான். நம்முடைய தரிப்பிடத்திலும் சிலரை அப்படிச் சொல்லிவிடலாம், அது பெருமைக்குரியதல்ல.

இனி ஒன்ராறியோவின் ஒழுங்கைப் பார்ப்போம். இங்கே குடியேறுகிறவர் தம்முடைய நாட்டின் செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தோடு 60 நாட்கள் ஓட்டலாம். அதற்குப் பின்பு ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் வேண்டும். 1994 ஏப்ரல் முதல் இங்கே இருப்பது படிமுறை ஒழுங்கு. முதலில் கண்பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும். வீதிச் சட்டத்தில் 20, வீதிக் குறியீட்டில் 20, ஆக 40 கேள்விகள். ஒவ்வொரு பகுதியிலும் 16 சரியாக வேண்டும். தமிழிலும் எழுதலாம். அதில் தேறியவர் ஜி1 நிலையினர். வழக்கமாக 12 மாதங்களுக்குப் பின், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி பெற்றிருந்தால் 8 மாதங்களுக்குப் பின், முதலாம் வீதிப் பரீட்சை, சித்தியடைந்தால் ஜி2. அதன்பின் விரைவு நெடுஞ்சாலையிலும் ஓட்டிக் காட்டுகிற இறுதிப் பரீட்சை. அதுவே முழுமையான ஜி. வெளிநாட்டில் ஓட்டிய அனுபவத்தை முறையான ஆவணத்தோடு நிரூபிக்கிறவருக்கு இந்தக் காத்திருப்புக் காலம் குறைக்கப்படுகிறது; கடந்த மூன்று வருடங்களுக்குள் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் இருந்தால் நேரடியாகவே ஜி பரீட்சைக்குப் போகலாம்.

இங்கே ஒரு முறையீட்டை நான் மறைக்க விரும்பவில்லை. ஜேர்மனியிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வருகிறவர் பரீட்சையில்லாமலே தம் அனுமதிப்பத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் இருபது வருடம் ஓட்டியவர் எழுத்துப் பரீட்சைக்கு வரிசையில் நிற்க வேண்டும். வீதியின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கத்துக்கு மாறுவது கடினம் என்பது காரணமானால், பிரித்தானியரும் ஜப்பானியரும் அவுஸ்திரேலியரும் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள்தாமே? அவர்களுக்கு மாற்றிக்கொள்ளும் உடன்படிக்கை உண்டு, நமக்கு இல்லை. இது மனதைக் காயப்படுத்துகிறது என்றால் அந்தக் காயத்தை நான் பரியாசம் பண்ணமாட்டேன். ஊரில் லொறி ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தகப்பன், ஐம்பது வயதில், பேரப்பிள்ளை வயதுள்ளவர்களுக்கு நடுவே அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது எளிதான காரியமல்ல. உடன்படிக்கையில் நம் நாடுகளும் சேர்க்கப்பட வேண்டும் என்று மாகாணப் பிரதிநிதிக்கு எழுதுகிறவர் எழுதட்டும். அந்த மனுவில் முதல் ஆளாக நானே கையொப்பமிடுவேன்.

ஆனால் அநீதி இருக்கிறது என்பது பொய்க்கு அனுமதியாகாது. மேலும், அந்த இருபது வருட அனுபவம் இந்த வீதிகளின் எல்லாவற்றையும் கற்றுத்தந்துவிடவில்லை என்பதும் உண்மை. சிவப்பு விளக்குகள் மினுங்கப் பாடசாலைப் பேருந்து நின்றால், நடுவில் பிரிப்புத் திட்டு இல்லாத வீதியில் எதிர்த்திசையில் வருகிறவரும் நிற்க வேண்டும். முதற்குற்றத்துக்கே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும் ஆறு குறைப்புப் புள்ளிகளும். பேருந்தின் முன்னாலிருந்து ஒரு ஐந்து வயதுப் பிள்ளை வெளிப்படக்கூடும் என்பதே அந்தச் சட்டத்தின் முழு விளக்கம். 2016 ஜனவரி முதல், பாதசாரி கடவையில் நடக்கிறவர் வீதி முழுவதையும் கடந்து முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். நமக்கு முன்னால் விலகிவிட்டார் என்பது போதாது. நான்கு பக்கமும் நிறுத்தற்பலகை உள்ள சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போகிறார். இருவர் ஒன்றாக வந்தால் வலப்பக்கத்தில் நிற்பவருக்கு வழிவிட வேண்டும். அங்கே பொலிஸும் இல்லை, சமிக்ஞை விளக்கும் இல்லை. நம் ஊரிலோ ஹோர்ன் ஒரு தாய்மொழி. முதலில் அடித்தவர் முதலில் போவார். பிறகு மாரிகாலம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறைபனி படிந்த பாலத்தின்மேல் பிரேக்கை அழுத்தினால் வாகனம் என்ன செய்யும் என்பதை வன்னி வெயிலும் சென்னை வெயிலும் எவருக்கும் கற்பித்ததில்லை.

பொய்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் இந்த எழுத்தினால் பயனில்லை, ஆகவே சொல்லுகிறேன்.

அறுபது நாள் முடிந்து ஆறு மாதமாகியும் ஊர் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டுகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். கேட்டால், புறப்படுமுன் ஜெபித்துவிட்டே ஓட்டுகிறேன், கர்த்தர் காப்பார் என்பார்கள். தேவாலயத்து உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் காட்டிப் பேசியது யார் என்பதையும், அதற்கு நம் ஆண்டவர் இணங்கவில்லை என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்ப்பது நல்லது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செல்லுபடியான அனுமதியில்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அப்போது வாகனத்தை இரவல் கொடுத்த விசுவாசியும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். சட்டமோ தண்டப்பணமோ என் முதல் கவலை அல்ல. அடிபட்டுக் கிடக்கிறவர் எங்கே போவார் என்பதே கவலை.

அடுத்தது அனுபவக் கடிதம். ஒருவருடைய அனுபவத்தை அவர் நாட்டு அனுமதி அலுவலகமோ தூதரகமோ உறுதிப்படுத்த வேண்டும். ஊரில் மோட்டார் சைக்கிள் மாத்திரம் ஓட்டியவருக்குக் கார் அனுபவம் இருப்பதாகக் கடிதம் "எடுத்துத் தருகிற" ஆட்களைப்பற்றி நம் வீட்டுக் கூடங்களில் வெட்கமில்லாமல் பேசப்படுகிறது. பொய்ச்சாட்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதத்தினால் மிச்சப்படுவது சில மாதங்கள். இழக்கப்படுவது, அந்த மாதங்களில் கற்றிருக்க வேண்டிய நிதானம்.

மூன்றாவது பொய் சிறியதாகத் தோன்றுவதால் மிகவும் பரவியிருக்கிறது. ஜி பரீட்சைக்குப் போகிறவர் ஒரு படிவத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்: கடந்த மூன்று மாதங்களில் எத்தனை தடவை விரைவு நெடுஞ்சாலையில் ஓட்டினீர், சராசரியாக எவ்வளவு தூரம்? ஜி1 நிலையிலிருந்து நேரே போகிறவர் 401, 404 போன்ற நெடுஞ்சாலைகளில் உரிமம் பெற்ற பயிற்றுநரோடு மாத்திரமே ஓட்ட முடியும். பயிற்றுநரின் மணிக்கணக்குக் கட்டணமோ, இரண்டு வேலை செய்து வாடகை கட்டுகிறவருக்குப் பாரம். ஆகவே ஓடாத ஓட்டங்களை ஓடியதாக எழுதுகிறார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று ஒருவர் தைரியம் சொல்லிக்கொடுக்கிறார். பத்து நிமிடம் கழித்து, வேகமாய் வருகிற பாரவாகனங்களுக்கு நடுவே முதன்முறையாக நுழைகிறார். அவருக்குப் பக்கத்தில் பரீட்சகர். பின்னால் அறியாத ஒரு குடும்பம்.

காப்புறுதிக் கட்டணம் குறையும் என்று வேறு நகரத்து உறவினர் விலாசத்தில் வாகனத்தைப் பதிகிறதைப்பற்றி ஒரே வரி போதும்: பையிலே இரண்டு விதமான எடைக்கற்களை வைத்திருப்பது கர்த்தருக்கு அருவருப்பு என்று உபாகமம் சொல்லுகிறது.

பரீட்சை இலகு என்று இரண்டு மணி நேரம் ஓடிச் சிறிய நகரமொன்றில் பரீட்சை எடுப்பது பொய்யல்ல. அதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்த நகரத்தின் நாலு தெருக்களை மனப்பாடம் பண்ணிவிட்டு மறுநாள் ஸ்காபரோவின் மார்க்கம் வீதியிலே இறங்குகிறவர், தமக்கு ஓட்டத் தெரியுமா என்பதைத் தாமே தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இதுவரை வாசித்த பழைய விசுவாசிகள், இருபது வருடமாக முழு ஜி வைத்திருக்கிறவர்கள், புதியவர்களுக்கு நல்ல உபதேசம் என்று தலையசைத்திருப்பீர்கள். என் வழக்கின் கனமான பாகம் உங்களுக்கு எதிரானது.

ஜி1 நிலையினர் தனியே ஓட்டக்கூடாது. குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள முழு உரிமக்காரர் ஒருவர் முன்னாசனத்தில் அருகே இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணிவரை, அப்படி ஒருவர் இருந்தாலும் ஓட்டக்கூடாது. அந்த அருகிலிருக்கும் ஆசனத்தை யார் நிரப்புவது? வந்து மூன்று மாதமான குடும்பத்துக்கு இங்கே அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. சர்வதேச மாணவராக வந்த பிள்ளைக்கு அறைத்தோழர்கள் எல்லோரும் ஜி1. சட்டம் ஒரு துணையைக் கேட்கிறது. நூற்றுக்கணக்கான துணைகள் ஞாயிறுதோறும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். ஆனாலும் புதியவர் துணையில்லாமல் வெளியே போகிறார். துணை கிடையாதவர் எதைச் செய்கிறார் என்பதை மேலே எழுதிவிட்டேன். ஊர் உரிமத்தை நீட்டி ஓட்டுகிறார், கடிதம் வாங்குகிறார், படிவத்தில் பொய் எழுதுகிறார். அந்தப் பொய் அவருடையதுதான், அதற்கு அவரே கணக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அது முளைத்த நிலத்தில் நம்முடைய உழவும் இருக்கிறது.

எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து விளங்காமல் வாசித்துக்கொண்டிருந்தபோது, பிலிப்பு வழியோரத்தில் நின்று ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிடவில்லை. ஓடிப்போய், ஏறி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாமோ கைகளை வைத்து ஜெபிக்கிறோம், எண்ணெய் பூசுகிறோம், புதிய காரின் சாவியைப் பிரதிஷ்டை பண்ணுகிறோம். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒருவர் அருகில் உட்காருங்கள் என்றால் கலியாணவீடு, கடை, பிள்ளையின் பியானோ வகுப்பு என்கிறோம். புதியவர் கீறிவிடுவார் என்று வாகனத்தைத் தர மறுக்கிற பயம் எனக்கும் விளங்குகிறது. அப்படியானால் பயிற்றுநருக்குக் கொடுக்க வேண்டிய ஐந்து மணி நேரக் கட்டணத்தை அவர் கையில் வைக்கலாமே? மாரியில், அதிகாலை 5 மணி வேலைக்குப் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கிற சகோதரனைக் கடந்து வெதுவெதுப்பான காரில் போகிறவர், அன்று காலைத் தியானத்தில் எந்த அதிகாரத்தை வாசித்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

சகோதரிகளைப்பற்றியும் சொல்ல வேண்டும். "நீ எதற்கு ஓட்ட வேண்டும், நான் கொண்டுபோய் விடுகிறேன்தானே" என்பது அன்பின் வார்த்தைபோல ஒலிக்கிறது. அதன் பலன் என்ன? ஜி1 செல்லுபடியாவது ஐந்து வருடம். அது முடிய மறுபடியும் எழுத்துப் பரீட்சை, மறுபடியும் ஜி1. அதை அடையாள அட்டையாக மாத்திரம் கைப்பையில் வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் கழித்த தாய்மார்களை நான் அறிவேன். கணவர் வேலையில் இருக்கையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அயல்வீட்டைத் தட்ட வேண்டும். கணவர் வியாதிப்பட்டால் குடும்பமே முடங்கும். கணவர் கொடுமைக்காரரானால் வெளியேற வழியே இல்லை. மனைவி ஓட்டப் பழகுவதைத் தடுக்கிறவர் அதற்கு வேத ஆதாரம் காட்டட்டும். அருகில் உட்கார்ந்து அவளைத் திட்டாமல் கற்பிக்க முடியாதவர், தமக்குப் பொறுமை இல்லை என்று ஒத்துக்கொண்டு, அவளைப் பயிற்றுநரிடம் அனுப்பட்டும்.

ஆகவே இரண்டு காரியங்களைச் சபையின் மேற்பார்வைக் குழுவினிடம் கேட்டிருக்கிறேன். முதலாவது, பரீட்சகர் பார்க்காமல் விட்டதை மேடையில் சாட்சியாகச் சொல்ல இனி இடமில்லை. சித்தியடைந்தவர் நன்றி சொல்லட்டும். மூன்று தடவை தவறி நான்காவது தடவைக்கு உண்மையோடு ஆயத்தப்படுகிறவருக்கும் அதே மேடை கொடுக்கப்படட்டும். இரண்டாவது, இம்மாதம் முதல் ஆராதனை முடிந்தபின் வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். ஒரு பக்கத்தில் நான்கு வருடத்துக்கு மேல் முழு ஜி உள்ளவர்கள் தங்கள் பெயரையும், வாரத்தில் கொடுக்கக்கூடிய இரண்டு மணி நேரத்தையும் எழுதலாம். மறுபக்கத்தில் ஜி1 உள்ளவர்கள் எழுதலாம். சகோதரிகளுக்குச் சகோதரிகளே துணையாக ஒழுங்குபண்ணப்படும். இரவு வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் வேலையிடத்தையும் நேரத்தையும் எழுதினால், அவ்வழியே போகிறவர் யார் என்று பார்க்கலாம்.

உங்கள் வாகனத்தில் ஒருவரைப் பழக்குமுன் காப்புறுதி முகவரை அழைத்து, பழகுநர் ஓட்டினால் உங்கள் காப்புறுதி அவரையும் உள்ளடக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் நெரிசலான வீதிக்குக் கூட்டிப்போகாமல், ஞாயிறு பிற்பகல் நம்முடைய தரிப்பிடம் வெறுமையானபின் தொடங்குங்கள். திறப்பு என்னிடம் இருக்கிறது.